அண்மையில் என்ன படித்தீர்கள்? எங்கள் வாசகர் கூடுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டியில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு நாங்கள் பதினைந்து இருபது பேர் கூடுகிறோம். தலைவர், செயலாளர், பொன்னாடை எதுவும் கிடையாது. அந்த மாதம் படித்த ஒரு புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்து, அதைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுகிறோம். ஏழு ஆண்டுகளாக நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்றபடி என்னிடம் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, இவற்றில் சிலவற்றை ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு.

எனக்கு வேண்டிய புத்தகத்தை நானே தேடிப் படித்துக்கொள்கிறேன். அடுத்தவர் சொல்லி எதற்குப் படிக்க வேண்டும்?

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆன 25 வயது இளைஞர் ஒருவர், அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் பாடம் கேட்டீர்கள், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர் அல்லவா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இளைஞர் ஒன்றையும் படித்ததில்லை. அந்த இளைஞர்தான் உ.வே. சாமிநாதையர். பிறகு முதலியாரே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். 1887இல் சீவக சிந்தாமணி ஐயரின் பதிப்பாக அச்சில் வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

ஐயர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை நான் ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிக்கிறேன். ஐயர் இரவு பகல் பாராமல் படித்தவர். அப்படிப்பட்டவருக்கும் தாம் நின்ற இடத்திலிருந்து தெரிந்த நூல்களைத்தான் தேட முடிந்தது. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? வேறு இடத்தில் நின்ற ஒருவர் கைகாட்ட வேண்டியிருந்தது. எங்கள் கூடுகையில் அவ்வளவு பெரிய காரியம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் இருக்கிறது என்றே தெரியாத புத்தகத்தோடு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகாத மாதம் கிடையாது.

படித்ததைப் பற்றி எப்படிப் பேசுவது? கதைச் சுருக்கம் சொன்னால் போதுமா?

தயவுசெய்து கதைச் சுருக்கம் வேண்டாம். முதல் ஆண்டு முழுவதும் நாங்கள் அதைத்தான் செய்தோம். கதாநாயகன் பிறந்தது முதல் இறந்தது வரை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தைப் பிறகு கையில் எடுத்ததில்லை.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வந்த நாளில்தான் எங்களுக்கு வழி தெரிந்தது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைக் கொண்டுவந்திருந்தார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, பக்க அடையாளத்துக்கு மருந்து தோய்க்காத தீக்குச்சி ஒன்றை உள்ளே வைத்திருந்தார். ஜமுனா யார், சாயா யார் என்றெல்லாம் அவர் சொல்லவே இல்லை. தீக்குச்சி இருந்த பக்கத்தைத் திறந்து, சென்னையில் பெண்கள் குடத்தோடு தண்ணீருக்கு அலையும் ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டு, தன் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் இரவில் தூங்காமல் கிடப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். “வரிசையில் நிற்கும்போது எனக்கு வரும் கோபம் இவருக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே நான்கு பேர் அந்தப் பிரதியைக் கேட்டார்கள்.

அதன்பிறகு எல்லோரும் ஒரு பக்கத்தையாவது வாய்விட்டு வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள், அந்தப் பக்கத்தை வாசியுங்கள். அதுவரை உங்களுக்குத் தெரியாமல் இருந்த எதை அது தெரியவைத்தது என்று சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் பக்கத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். அதுவே நிறைவான பேச்சுதான்.

முடிவைச் சொல்லிவிடலாமா?

துப்பறியும் கதையில் கூடாது. மற்றவற்றில், அறையில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள்.

பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே புத்தகத்தை முடித்தவர் யாராவது இருப்பார். இன்னும் இருபது பக்கம் போயிருந்தால் என்ன வந்திருக்கும் என்று அவர் சொல்வார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை நான் அப்படித்தான் மறுபடி எடுத்தேன். மேடான், பினாங்கு என்று கடல்கடந்த ஊர்கள், வட்டிக்கடைச் சொற்கள், இரண்டாம் உலகப்போர் என்று எல்லாம் சேர்ந்து முதல் ஐம்பது பக்கத்திலேயே என்னைத் திணறடித்துவிட்டன. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடாதே, மதுரைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக் கேட்டுக்கொண்டே போ என்று நண்பர் ஒருவர் சொன்னார். மூன்று இரவுகளில் முடித்தேன். 1972இல் வெளிவந்த அந்த நாவலை நாற்பது வயது வரை படிக்காமல் இருந்துவிட்டேனே என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

பிடிக்காத புத்தகத்தைப் பற்றி?

கட்டாயம் பேசுங்கள். பாராட்டு மட்டுமே கேட்கும் அறையில் பாராட்டுக்கு மதிப்பு இருக்காது. ஆனால் ‘போர்’, ‘குப்பை’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாதீர்கள். எந்த இடத்தில் எழுத்தாளர் உங்களைக் கைவிட்டார் என்று காட்டுங்கள். எழுத்தாளரின் சாதி, கட்சி, குடும்பம் பற்றிய பேச்சுக்கு இங்கே இடமில்லை. இதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

ஒருவருக்கு ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பது எப்படி?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. சற்று நீளமாகவே சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு இவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நூலகர்களுக்குச் சொன்னவைதான், என்றாலும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கும் எவருக்கும் பொருந்தும். பரிந்துரை என்றதும் நமக்குப் பிடித்த புத்தகத்தைத்தான் நினைக்கிறோம். வாங்கிக்கொள்ளப் போகிறவரை நினைப்பதில்லை.

அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். எங்கள் கூடுகைக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வருகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நல்ல நாவல் ஒன்று கொடு தம்பி என்று கேட்டார். வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ நாவலைக் கொடுத்தேன். த.நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பு. நாடி பிடித்துப் பார்த்தே ஒருவருக்கு மரணம் எப்போது என்று சொல்லிவிடக்கூடிய முதிய வைத்தியரின் கதை. எனக்கு அதைவிடப் பெரிய நாவல் அப்போது வேறு இல்லை. பத்து நாளில் அவர் வீடு தேடி வந்து, புத்தகத்தை ஒரு பையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, இது இப்போது வேண்டாம்” என்றார். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் மதுரைக்கும் இங்குமாக அலைந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தின் அருமை கண்ணை மறைத்துவிட்டது. பையைத் திறந்து பார்த்தேன். நாற்பதாம் பக்கத்தை ஒட்டி, மருந்துக்கடை ரசீது ஒன்று அடையாளமாக இருந்தது. அந்த ரசீதை நான் எடுத்துப்போடவில்லை.

அதன்பிறகு யாராவது புத்தகம் கேட்டால் முதலில் சிறிது நேரம் பேச்சுக் கொடுக்கிறேன். கடைசியாக முழுதாக முடித்த புத்தகம் எது, இரவில் படிப்பாரா பஸ்ஸில் படிப்பாரா, வீட்டில் எல்லோரும் நலமா, எழுத்து சிறிதாக இருந்தால் கண் வலிக்குமா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் நல்ல நாவல்கள் பல பொடி எழுத்து அச்சு என்ற ஒரே காரணத்தால் படிக்காமல் திரும்பி வந்திருக்கின்றன. ஒரே நேரத்தில் ஒரு புத்தகத்துக்கு மேல் கொடுப்பதில்லை. பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் சட்டைப் பையில் மடிந்து கிடந்து, துவைக்கும்போது கரைந்துபோகும்.

நாமே படிக்காத புத்தகத்தைப் பரிந்துரைக்கவே கூடாது. பலரும் புகழ்கிறார்கள் என்றால், பலரும் புகழ்கிறார்கள், நான் படிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

சிறுகதையில் ஆரம்பியுங்கள். குறிப்பாக, கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. தீபாவளி நேரத்தில் ஏழை வீடு ஒன்றுக்கு ராஜா என்ற அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான்; அவ்வளவுதான் கதை. எங்கள் கூடுகையில் அதை ஒருமுறை முழுதாக வாசித்தோம். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. வாசித்தவர் கடைசிப் பத்தியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி புத்தகத்தை வாங்கி முடித்து வைத்தாள். அழகிரிசாமி பிறந்த இடைசெவல் இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். கி. ராஜநாராயணனுக்கும் அதுதான் ஊர்.

நாவல் வேண்டும் என்றால் ‘தண்ணீர்’ அல்லது பூமணியின் ‘வெக்கை’. இரண்டும் சிறியவை. ‘வெக்கை’யில் கொலை செய்துவிட்ட ஒரு சிறுவனும் அவன் தந்தையும் காட்டுக்குள்ளும் மலையிலும் மறைந்து திரிகிறார்கள். ‘அசுரன்’ படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். ஆனால் ஒளிந்து திரியும் நாட்களில் அப்பனும் மகனும் சோறாக்கிச் சாப்பிடும் இடங்களின் அமைதியைப் புத்தகத்தில்தான் உணர முடியும். பெரிய சரித்திர நாவல்களோ கனமான தொகுதிகளோ முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். இதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை: பள்ளி விடுமுறையில் ‘பொன்னியின் செல்வன்’ படித்துத்தான் எனக்கு இந்தப் பழக்கமே வந்தது என்று நால்வராவது சண்டைக்கு வருவார்கள்.

இந்த ஆண்டு கூடுகையில் அதிகம் பேசப்பட்டவை எவை?

சோ. தர்மனின் ‘சூல்’. 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல், உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி நடப்பது. நிறைந்து நிற்கும் கண்மாயை நிறைசூலியாகப் பார்க்கும் ஊரும், அதற்கு நீர்பாய்ச்சி என்று ஒருவரை வைத்துக் காத்த முறையும், பின்னர் அது பாழாவதும் வருகிறது. அதைப் பேசிய அன்று பாதிப் பேர் தங்கள் ஊர்க் கண்மாயின் மடை எங்கே இருந்தது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வேறு எந்தப் புத்தகத்தையும் அன்று எடுக்க முடியவில்லை. மறுவாரம் ஆறு பேர் பஸ் ஏறி உருளைக்குடிக்கே போய்க் கரையில் நடந்துவிட்டு வந்தோம்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர்களிடையே போய்ப் பார்த்து, பேசி, அதன்பிறகு எழுதியவர் அவர். உப்பில் நின்று வெடித்த கால்களைப் பற்றிப் படித்தபின் உப்பு டப்பாவைத் தொடும்போதெல்லாம் நினைவு வருகிறது என்றார் ஓர் அம்மா. இவ்வளவு பெரிய எழுத்தாளரின் பெயரை இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ இரண்டு முறை வந்தது. நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில், 1948ஐ ஒட்டிய செகந்திராபாத்தில் வளரும் ஒரு பையன். கிரிக்கெட் ஆட்டத்துக்கும் கல்லூரிக்கும் நடுவே கலவரம் மெல்ல மெல்ல வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது.

கரிசல் எழுத்து மட்டும்தானா? பிறமொழி நூல்கள் உண்டா?

சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் அதிகம், மறுக்கவில்லை. அழகிரிசாமி, கி.ரா., பூமணி, சோ. தர்மன் என்று சாகித்திய அகாதெமி விருது பெற்ற நால்வர் பிறந்த வட்டாரம் இது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மொழிபெயர்ப்பு நூலைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மலையாள எழுத்தாளர் தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலை, சுந்தர ராமசாமியின் தமிழில், கட்டாயம் படியுங்கள். ஆலப்புழையின் துப்புரவுத் தொழிலாளர்கள், இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகன் என மூன்று தலைமுறை. பெயரைப் பார்த்தாலே அவர்கள் எங்கிருந்து போனவர்கள் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

வட்டார வழக்கு புரியவில்லை. என்ன செய்வது?

கண்ணால் படிக்காமல் வாயால் படியுங்கள். எழுத்தில் முறைக்கும் சொல் காதில் விழுந்தால் பழகிவிடும். கி.ரா.வின் ‘கோபல்ல கிராம’த்தில் மங்கத்தாயாரம்மாள் பாட்டி கதை சொல்லும் இடங்களை ஒருவர் வாசிக்க, மற்றவர் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் வசப்படாத சொற்களுக்கு கி.ரா.வே தொகுத்த கரிசல் வட்டார அகராதி இருக்கிறது. வெளியூர்க்காரர் என்றால் கூடுகையில் கையைத் தூக்கிக் கேளுங்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து பேர் பொருள் சொல்வார்கள்.

புத்தகம் விலை அதிகமாக இருக்கிறதே?

உண்மைதான். முதலில் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். காப்புத்தொகை சிறிய தொகைதான். உள்ளாட்சிக்குச் சொத்து வரி கட்டும்போது அதனோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் புத்தகங்களில் நம் பணம் இருக்கிறது. அலமாரியில் இல்லாததை நூலகரிடம் எழுதிக் கொடுங்கள், விடாமல் கேளுங்கள். வாங்குவது என்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியும், மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களும் உண்டு. 10 விழுக்காடு கழிவு கிடைக்கும். எங்களில் ஐந்து பேர் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி ஆண்டு முழுவதும் மாற்றிக்கொள்கிறார்கள்.

பி.டி.எஃப். இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா?

உரிமை உள்ள நூலை அனுப்ப மாட்டோம். யாராவது அனுப்பினால் உடனே நீக்கிவிடுவோம். தமிழில் ஒரு நாவலுக்குப் பல ஆண்டு உழைத்தவருக்குக் கிடைக்கும் தொகை சிறியது. அதிலும் கை வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சட்டப்படி இலவசமாகப் படிக்கக்கூடியவையே ஏராளம். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களுக்கு உரிமைக் கட்டுப்பாடு இல்லை. புதுமைப்பித்தன், கல்கி போன்றோரின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிய நூல்களைப் படிக்கவே ஓர் ஆயுள் வேண்டும்.

இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராவிட்டால்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறோம். கொடுத்தவர், வாங்கியவர், தேதி. இரண்டு மாதம் கடந்தால் கூடுகையில் பெயர் வாசிக்கப்படும். அநேகமாக வந்துவிடும்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. அவர்களும் பேச வேண்டும், அது மட்டும் நிபந்தனை. படக்கதை, விலங்குகளைப் பற்றிய நூல் என்று எதுவானாலும் சரி. பெற்றோர் பின்னால் இருந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது. சென்ற மாதம் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, யானை பற்றிய புத்தகத்தைக் காட்டி, “இதில் எனக்குப் பிடிக்காத படம் இது, ஏனென்றால் யானை அழுகிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்தப் புத்தகத்தை நான் மறுநாளே வாங்கினேன்.

இந்த மாதக் கூடுகைக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

படித்த புத்தகம், வாசிக்கப்போகும் பக்கத்தில் ஓர் அடையாளம். தேநீர் உண்டு, தூரத்துக்காரர்கள் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் 6.30க்கு முடித்துவிடுவோம். இந்த முறை கொஞ்சம் தாமதமாகலாம். மேலே சொன்ன தலைமையாசிரியர் போன வாரம் வீட்டுக்கு வந்து ‘ஆரோக்கிய நிகேதனம்’ இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனார். அவர் மனைவி தவறி இரண்டு ஆண்டு ஆகிறது. ரசீது வைத்த இடத்திலிருந்தே தொடர்ந்து படிப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கடைசியாகப் பேசுகிறார். பத்து நிமிடக் கணக்கு அன்றைக்கு அவருக்குக் கிடையாது.